அலாஸ்கா பனியாற்றுப் படகுப் பயணம்: 1,148 டாலரை நாங்கள் இழந்தோம், நீங்கள் இழக்காதீர்கள்

அலாஸ்காவின் கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவிலுள்ள பனியாறுகளைப் படகில் சென்று பார்க்கத் திட்டமிட்டிருப்பவர்கள், இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவைத் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள். சுற்றுலாப் பயணங்களுக்கு முன்பதிவு செய்து தரும் ஓர் இணையதளம் எங்கள் குடும்பத்தில் நால்வருக்கு 1,148 டாலர் வாங்கிக்கொண்டு, சொன்ன இடத்துக்கு அழைத்துச் செல்லாமலேயே அனுப்பிவிட்டது. இந்திய மதிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். வங்கியில் புகார் விசாரணையில் இருப்பதால் அந்தத் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சொந்தமாக ஒரு படகுகூட இல்லாமல், ஊரிலுள்ள படகு நிறுவனங்களின் இருக்கைகளை வாங்கி அதிக விலைக்கு விற்கும் இடைத்தரகுத் தளம் அது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எதில் ஏமாற்றினார்கள் என்பது விளங்க வேண்டுமானால் அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஆங்கரேஜ் நகரிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் சூவர்ட் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலைகளின் மேல் ஹார்டிங் பனிப்பரப்பு கிடக்கிறது. 700 சதுர மைலுக்கு மேல் பரந்த அந்தப் பனிப்பரப்பிலிருந்து நாற்பதுக்கு நெருக்கமான பனியாறுகள் கீழிறங்குகின்றன. அவற்றில் எக்ஸிட் பனியாறு ஒன்றை மட்டுமே சாலை வழியாகச் சென்று பார்க்கலாம். ஐயாலிக், ஹோல்கேட் போன்றவை நேரே கடலில் வந்து முடிபவை. ஐயாலிக்கின் முகப்பு ஏறக்குறைய ஒரு மைல் அகலத்துக்கு நீலச்சுவராக நிற்கும் என்றும், அதிலிருந்து பனி பெயர்ந்து கடலில் விழும் ஓசை சிறிது நேரம் கழித்தே காதுக்கு எட்டும் என்றும் படித்திருந்தோம். அங்கே போகச் சாலை கிடையாது. படகோ சிறிய விமானமோதான் வழி.

சூவர்ட் துறைமுகத்திலிருந்து இரண்டு வகைப் படகுகள் புறப்படுகின்றன. ஒன்று, ஊரை ஒட்டிய ரிசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுமார் 4 மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவது. மற்றொன்று, விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்து, ஐயாலிக் முனையைச் சுற்றிக்கொண்டு பனியாற்றின் முகப்பு வரை செல்வது. அதற்குக் குறைந்தது 6 மணி நேரமாகும். இரண்டின் விளம்பரத்திலும் பனியாறு என்ற சொல்லும் ஒரேமாதிரியான படங்களும் இருக்கும். எங்களுக்கு விற்கப்பட்டது இரண்டாவது. எங்களை ஏற்றியது முதலாவது.

இதை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்திருந்த என் பெற்றோருக்காகத்தான் இந்தப் பயணமே. அவர்கள் மறுபடி அலாஸ்கா வரை வருவது நடக்காத காரியம் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தளத்தின் தொலைபேசி எண்ணை அழைத்து, படகு ஐயாலிக் பனியாற்றின் முகப்பு வரை செல்லுமா என்று நேரடியாகவே கேட்டேன். செல்லும், பனியின் முன்னால் இயந்திரத்தை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருப்பார்கள் என்றார் எதிர்முனையில் பேசிய பெண். முழு நாள் பயணம், காலை 9 மணிக்குப் புறப்பாடு, மதிய உணவும் வழிகாட்டியும் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பனிக்கட்டிகள் மிகுதியாக மிதந்தால் கேப்டன் ஐயாலிக்குக்குப் பதிலாக ஹோல்கேட்டுக்குத் திருப்பக்கூடும் என்பதையும் அவரே சொன்னார். அது நியாயம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

அம்மாவுக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்ற கவலையையும் அவரிடம் சொன்னேன். விரிகுடாவுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, முனையைத் தாண்டியதும் அலை பெரிதாக இருக்கும், ஆகவே புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குமட்டல் மாத்திரை கொடுத்துவிடுங்கள் என்று அக்கறையோடு அறிவுரை கூறினார். இவ்வளவு விவரமாகப் பேசுகிறவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அந்த மாத்திரை அறிவுரையைக் கேட்டபின்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அழைப்பை வைத்த கையோடு 1,148 டாலரைக் கட்டினேன்.

பயணத்துக்கு முந்தைய இரவில் வந்த அனுமதிச் சீட்டில் புறப்படும் நேரம் பிற்பகல் 1 மணி என்றிருந்தது. உடனே அழைத்தேன். இம்முறை பேசியவர் வேறொருவர். நேரம் மட்டும்தான் மாறியிருக்கிறது, பயணம் அதேதான், ஆகஸ்ட் மாதத்தில் அங்கே இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், எனவே பிற்பகலில் கிளம்பினாலும் பனியாற்றை நன்றாகவே பார்க்கலாம் என்றார். இரவு வரை வெளிச்சம் இருக்கும் என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் பொய்யை நம்ப வைத்தார்கள் என்பதை நினைக்க நினைக்க இப்போதும் மனம் கொதிக்கிறது.

மறுநாள் துறைமுகத்தில் படகு நிறுவனத்தின் முகப்பு மேசையில் சீட்டைக் காட்டினோம். அங்கிருந்த இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் இருப்பது விரிகுடாவுக்குள் செல்லும் அரை நாள் பயணம் என்றார். நான் பதறிப்போய் விளம்பரப் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அவர் அதை மேலும் கீழும் நகர்த்திப் படித்தார். படித்து முடித்ததும் முகம் மாறியது. அதிலிருந்த படம் தங்கள் படகுடையதே அல்ல, இந்த இருக்கைகளுக்குத் தங்களுக்கு வந்து சேர்ந்த தொகை நாங்கள் கட்டியதில் பாதிகூட இல்லை என்றார். முகப்பு வரை செல்லும் படகுகள் காலையிலேயே போய்விட்டன; மறுநாளும் இடமில்லை; எங்களுக்கோ மறுநாள் மாலை விமானம். அந்தப் பெண்மீதோ அவருடைய நிறுவனத்தின்மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் விற்றதை அவர்கள் கொடுத்தார்கள். அவர்களுடைய பொருளை வேறொன்றாகக் காட்டி எங்களிடம் விற்ற இடைத்தரகர்தான் குற்றவாளி.

வேறு வழியில்லாமல் அந்தப் படகிலேயே ஏறினோம். விரிகுடா அழகானதுதான். கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தன, பாறைகளில் கடற்சிங்கங்கள் படுத்திருந்தன. படகின் வழிகாட்டி ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார். பிறகு தொலைவில் தெரியும் பேர் (Bear) என்னும் பனியாற்றைக் காட்டினார். அந்தப் பூங்காவிலேயே பெரியது அதுதான். ஆனால் அது கடலை வந்து தொடுவதில்லை. சரளைக்கல் திட்டு ஒன்றுக்குப் பின்னாலிருக்கும் ஏரியில் போய் முடிந்துவிடுகிறது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து பார்த்தபோது, சாம்பல் நிறக் கரைக்குப் பின்னால் சுண்ணாம்பால் இழுத்த கோடு போல ஒரு வெண்மை மட்டுமே தெரிந்தது. அப்பா தொலைநோக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “கிட்டப் போவாங்களாப்பா?” என்று கேட்டார். அதற்குள் படகு ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

அம்மா அந்தக் கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. பெரிய அலைக்காகக் கொடுத்த மாத்திரையின் மயக்கத்தில், அலையே இல்லாத தண்ணீரில் இருக்கையிலேயே தூங்கிவிட்டார். முனையைத் தாண்டப்போவதில்லை என்று தெரிந்தே அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகக் கோபம்.

கரைக்கு வந்த உடனேயே அந்தத் தளத்தை அழைத்தேன். வானிலை காரணமாகப் படகு நிறுவனம் பயணப் பாதையை மாற்றியிருக்கும் என்றார்கள். நான் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தபோதே முகப்பு வரை சென்ற பெரிய படகு ஒன்று திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் பனி சரிந்து விழும் காணொளிகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். வானிலை எங்கள் நால்வருக்கு மட்டும் கெட்டுவிட்டதா என்று கேட்டதற்கு, புகாரை எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.

எழுத்தில் அனுப்பினேன். விளம்பரப் பக்கத்தின் படம், அனுமதிச் சீட்டு, பயணத்தின் உண்மையான பெயரைக் குறிப்பிட்டுப் படகு நிறுவனம் தந்த கடிதம் எல்லாவற்றையும் இணைத்தேன். முதல் பதில், பனியாற்றைக் காண்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று விதிமுறையிலேயே இருக்கிறது என்றது. பனியாறு தென்படவில்லை என்பதல்ல என் புகார், பனியாறு இருக்கும் திசைக்கே படகு போகவில்லை என்பதுதான் புகார் என்று விளக்கி மறுபடி எழுதினேன். அடுத்த பதில், தாங்கள் வெறும் விற்பனைத் தளம் என்றும் பயணத்தை நடத்தியவரிடமே பணத்தைக் கேட்க வேண்டும் என்றும் கையை விரித்தது. 1,148 டாலரும் உங்கள் கணக்குக்குத்தான் வந்திருக்கிறது, படகு நிறுவனத்துக்குப் போனது அதில் ஒரு பகுதிதான், மீதியை வைத்திருப்பவர் யார் என்று கேட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து விவரிக்கும்படி கேட்டார். கடைசியாக, அடுத்த பயணத்துக்கு 15 விழுக்காடு தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கடிதமும், அதற்குப் பின்னாலேயே உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று இன்னொரு கடிதமும் வந்தன. யாருக்குத் தீர்ந்தது? 1,148 டாலரில் ஒரு செண்ட்கூட இன்றுவரை திரும்பவில்லை.

கடன் அட்டை வங்கியில் அந்தத் தொகையை மறுத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அலாஸ்கா மாநிலச் சட்டத்துறையின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன். அந்த விளம்பரமோ அதே நீலச்சுவர்ப் படத்தோடு இந்த நிமிடம் வரை விற்பனையில் இருக்கிறது. நேற்றுகூட எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு விரிவான வழிகாட்டுதல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதிருக்கும் மனநிலையில் முடியவில்லை; அவசரத்துக்கு இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூவர்டில் 4 மணி நேரப் பயணம் என்று போட்டிருந்தால் அது விரிகுடாவைத் தாண்டாது, என்ன படம் போட்டிருந்தாலும் சரி. எந்தப் பனியாறு என்று பெயரோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; தொலைபேசியில் சொல்வது எதற்கும் உதவாது. படகு நிறுவனம் எது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்ல மறுக்கும் தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள். முடிந்தால் அந்த நிறுவனத்திடமே நேரடியாக இடம் பிடியுங்கள். இடைத்தரகரிடம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், இன்றே படகு நிறுவனத்தை அழைத்து உங்கள் பெயரில் எந்தப் பயணம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள், துறைமுகம் போய்ச் சேரும் வரை காத்திருக்காதீர்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் புகார் செய்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்த “முகப்பு வரை” என்ற சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறார்கள். கடன் அட்டையில்தான் கட்டுங்கள். வங்கியிலிருந்து முடிவு வந்ததும் அதையும் எழுதுகிறேன். இதே போல ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் அனுமதிச் சீட்டின் படத்தோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மாநில அலுவலகத்துக்குச் சேர்த்தே கொடுக்கலாம்.