ஜீப்புக்கு எக்ஸ்ட்ரா லைட் போடுகிறவர்கள் காசு கொடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

கொல்லிமலையில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காபியும் இருக்கிறது. செம்மேட்டுப் பக்கம் தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குப் போகிற கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்துவிட்டால் ஃபோர்வீல் போடாமல் ஒரு வண்டியும் ஏறாது. அதற்காகவே 2014 மாடல் ஜீப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஹெட்லைட் வெளிச்சம்தான் போதாது. இரவில் மண் பாதையில் பள்ளம் எது, தண்ணீர் அரித்த ஓரம் எது என்று தெரியாமல் இரண்டு முறை சக்கரம் இறங்கியிருக்கிறது. சரி, எக்ஸ்ட்ரா லைட் ஒரு ஜோடி போட்டுவிடலாம் என்று சித்திரை மாதம் சேலத்தில் ஓர் அக்சசரீஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். 55 வாட் ஹாலஜன் ஜோடி 3,800 ரூபாய். "ரிலே வயரிங் கிட்" 1,600. கூலி 800. மொத்தம் 6,200. ரிலே என்பது, ஹெட்லைட் ஒயரில் பாரம் ஏற்றாமல் பேட்டரியிலிருந்து நேராக லைட்டுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச். அது கட்டாயம் வேண்டும் என்று நானே கேட்டேன். "ரிலே இல்லாம நாங்க வேலையே செய்யறதில்லைங்க சார்" என்றார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பையன் பானெட்டைத் தூக்கி, கருப்பு ஸ்லீவ் போட்டு அழகாகக் கட்டியிருந்த ஒயரையும், ஓரமாகத் திருகு போட்டு நிறுத்தியிருந்த ரிலேவையும் காட்டினான். எனக்குத் திருப்தி. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. வைகாசியில் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். மனைவி, மகளோடு போய்விட்டு இரவு பத்து மணி வாக்கில் காரவள்ளி வழியாக மலை ஏறிக்கொண்டிருந்தோம். இந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி இல்லாத இடங்களில் எக்ஸ்ட்ரா லைட்டையும் போட்டுக்கொண்டேதான் ஏறினேன். ஐம்பதாவது வளைவு தாண்டியதும் பின்னால் இருந்த மகள், "அப்பா, ஏதோ பிளாஸ்டிக் கருகுற வாடை வருது" என்றாள். கீழே யாராவது குப்பை எரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பும்போது வெளிச்சம் இரண்டு தடவை துடித்தது. அப்புறம் எல்லாம் அணைந்துவிட்டது. எக்ஸ்ட்ரா லைட், ஹைபீம், லோபீம், எதுவும் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் நாங்கள் மூன்று பேர்.

பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக் போட்டேன். முதல் வேலையாக இரண்டு பேரையும் இறக்கிப் பாறை ஓரமாக நிற்கச் சொன்னேன். செல்போன் டார்ச்சில் பானெட்டைத் திறந்தால் மெல்லிசாகப் புகை. நல்லவேளை, 10ஆம் நம்பர் ஸ்பேனர் டூல் பையில் இருந்தது. பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை நின்றது. பலாப்பழம் இறக்கிவிட்டு மேலே திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப்காரர் நிறுத்தி, என்னோடு சேர்ந்து சக்கரத்துக்குக் கல் வைத்து, எங்களை வீடு வரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு இங்கேயும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் போய் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் ஹைபீமுக்கு 15 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 15 என்றால் நீல நிற ஃப்யூஸ். அந்த இடத்தில் பச்சை இருந்தது. பச்சை என்றால் 30 ஆம்பியர். அதை நான் மாற்றவில்லை. ஹெட்லைட் ஃப்யூஸ்களைப் பிடுங்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில் மெதுவாக நாமக்கல்லுக்கு ஓட்டிப் போனேன்.

நாமக்கல்லில் லாரி ஒயரிங் பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குக் குறைவில்லை. முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிற ஓர் அண்ணனிடம் விட்டேன். அவர் ரிலேவைக் கையில் எடுத்ததும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தம்பி, போட்டோ எடுத்துக்குங்க. எடுத்த பிறகு பிரிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் போனது நல்லது என்று நினைக்கிறேன்.

ரிலேவின் அடியில் 30, 87, 85, 86 என்று நான்கு கால்களுக்கும் நம்பர் பொறித்திருக்கும். சாக்கெட்டிலிருந்து நான்கு ஒயரும் ஸ்லீவுக்குள் போயின. ஒரு சாண் தூரம் போனதும் நான்கும் வெட்டப்பட்டு, டேப் சுற்றி உள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. பேட்டரியிலிருந்து எந்த ஒயரும் வரவே இல்லை. அதாவது ரிலே என் கண்ணுக்குக் காட்டுவதற்காக மட்டும் திருகப்பட்டிருந்தது. 1,600 ரூபாய் அதற்குத்தான்.

லைட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? இடது ஹெட்லைட்டில் ஒயர்களைச் சொருகும் கப்ளருக்குப் பின்னால் ஹைபீம் ஒயரைப் பிளேடால் சீவி, அதில் காலிங் பெல் ஒயர் போன்ற மெல்லிய ஒன்றை முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்துத் திருகியிருந்தார்கள். பல்பைக் கழற்றினால் அடியில் 12 வோல்ட் 100 வாட் என்று இருக்கிறது. நான் கேட்டது 55.

அண்ணன் ஒரு பீடிக்கட்டு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹெட்லைட் ஹைபீம் ஒரு பல்புக்கு 60 வாட், இரண்டுக்கு 120. இவர்கள் போட்டது 200. மொத்தம் 320 வாட். 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 27 ஆம்பியர். 10 ஆம்பியர் போக வேண்டிய ஒயரில் 27. நீல ஃப்யூஸாக இருந்தால் சீக்கிரமே போய்விடும், நான் அப்போதே கடைக்குத் திரும்பி வந்திருப்பேன். அதனால்தான் பச்சை. ஃப்யூஸ் உருகவில்லை என்பதால் ஒயர் உருகியது. பக்கத்தில் ஓடிய லோபீம் ஒயரின் தோலும் சேர்ந்து உருகி, எல்லாம் ஒட்டிக்கொண்டது. தெரியாமல் செய்த வேலை என்றால் மன்னித்துவிட்டிருப்பேன். ஃப்யூஸை மாற்றியவனுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்துதான் என் குடும்பம் ஏறுகிற வண்டியில் அதைச் செய்திருக்கிறான்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "உங்க வண்டி பழசு சார், ஒயரிங் வீக்கா இருந்திருக்கும்" என்றார்கள். போட்டோ அனுப்பிய பிறகு, "வாரண்டி லைட்டுக்குத்தான், ஃபிட்டிங்குக்கு இல்லை" என்றார்கள். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை.

சரியாக எப்படிச் செய்வது என்பதை நாமக்கல்லில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள்ளேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து ரிலேவின் 30க்கும், 87இலிருந்து லைட்டுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். ஹைபீமிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வழியாக 86க்கு வருகிறது. அது ரிலேவுக்கு "இப்போது போடு" என்று சொல்வதோடு சரி, லைட்டின் பாரத்தைச் சுமப்பதில்லை. எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகுதான் திருகினார். பல்பு 55 வாட். அரை மணி நேரம் எரியவிட்டு, "தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். ஒயர் சில்லென்று இருந்தது. கருகிய ஹெட்லைட் ஒயரிங், கப்ளர் இரண்டு, எல்லாம் சேர்த்து 7,450 ரூபாய் ஆனது.

நீங்கள் எந்தக் கடையில் போட்டாலும் காசு கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஹைபீமும் எக்ஸ்ட்ரா லைட்டும் எரியும்போது, பேட்டரி பக்கத்தில் இருக்கிற புது ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லுங்கள். எக்ஸ்ட்ரா லைட் மட்டும் அணைய வேண்டும், ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு ஃப்யூஸே இல்லை என்றால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள். பழைய ஃப்யூஸ் பெட்டியை வண்டி விடும் முன் ஒரு போட்டோ, எடுக்கும்போது ஒரு போட்டோ. நிறம் மாறியிருந்தால் கேளுங்கள். பல்பு வாட்டை அட்டைப் பெட்டியில் பார்க்காமல் பல்பிலேயே பாருங்கள்.

இன்னொன்றையும் அந்தக் கடை எனக்குச் சொல்லவில்லை. வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட் வைக்க ஆர்டிஓ அனுமதி வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அன்று மலைப்பாதையில் நான் போட்டதும் தவறுதான். இப்போது தார் ரோட்டில் இரண்டு லைட்டுக்கும் மூடி போட்டுவிடுகிறேன், தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில்தான் கழற்றுகிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாதது பெரிய குறை, ஆனால் ஜிபேயில் பணம் போன விவரமும் துண்டுச் சீட்டும் இருக்கின்றன. கடை பதில் சொல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. பச்சை ஃப்யூஸ், உருகிய கப்ளர், நான்கு ஒயரும் வெட்டப்பட்ட அந்த ரிலே, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.