5 மில்லிவாட் ஸ்டிக்கருடன் வந்த சிவப்பு லேசர் கிட்: ஒரு மதிப்புரை

பழுதான டிவிடி ரைட்டரைக் கழற்றி, அதில் ஒளிக்கற்றையை உமிழும் சிறு உறுப்பான சிவப்பு லேசர் டையோடை எடுத்து, விரல் நீளமுள்ள உலோகக் கூட்டில் பொருத்தி எரியவைப்பது எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. நானும் இரண்டு முறை முயன்று, இரண்டு டையோடுகளைச் சாகடித்திருக்கிறேன். ஆகவே, கழற்றுகிற சிரமத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, டையோடைக் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தி, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் போர்டு, பேட்டரிப் பெட்டி, காப்புக்கண்ணாடி ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புவதாக இணைய விற்பனையாளர் ஒருவர் விளம்பரம் செய்திருந்ததைப் பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். இரண்டு மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. மின்சுற்றைப் பொறுத்தவரை இந்தக் கிட் நன்றாகவே இருக்கிறது. அதன்மீது ஒட்டப்பட்ட ஸ்டிக்கரும், உள்ளே வைக்கப்பட்ட கண்ணாடியும்தான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் கூட்டுக்குள் 5.6 மில்லிமீட்டர் டையோடு கோணல் இல்லாமல் நேராக அழுத்தப்பட்டிருக்கிறது. இந்த வேலையை வீட்டில் பட்டறைப் பிடியில் வைத்துச் செய்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்: டையோடின் விளிம்பு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் கற்றை லென்ஸின் மையத்தில் விழாது, அதிகமாக அழுத்திவிட்டால் மேலுள்ள சிறு கண்ணாடிச் சாளரம் விரிசல் விடும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, டையோடின் உலோக ஓரத்தில் பழைய பசையின் மஞ்சள் தடமும் ஒரு கீறலும் தெரிந்தன. ஏதோ ஒரு ரைட்டரின் பிக்கப்பிலிருந்து, அதாவது வட்டில் எழுதும் தலைப்பகுதியிலிருந்து, பிடுங்கப்பட்டதுதான். அதை விளம்பரத்திலும் மறைக்கவில்லை. மூன்று கால்களையும் மெல்லிய கம்பியால் சுற்றி இணைத்து அனுப்பியிருந்தார்கள். நிலைமின்சாரம் டையோடைக் கொல்லாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு இது. நான் சாகடித்த முதல் டையோடுக்கு இந்தக் கம்பி இருந்திருந்தால் அது இன்றும் எரிந்துகொண்டிருக்கும்.

டிரைவர் போர்டு எளிமையானது. எல்எம்317 என்னும் பழம்பெரும் மூன்றுகால் ஐசியை மாறா மின்னோட்டம் தரும்படி அமைத்திருக்கிறார்கள்: அதன் இரு கால்களுக்கிடையே எப்போதும் 1.25 வோல்ட் நிற்பதால், அங்கே 5 ஓம் ரெசிஸ்டரை வைத்தால் 250 மில்லிஆம்பியர் ஓடும். லேசர் டையோடுக்கு மின்னழுத்தத்தை அளந்து கொடுத்துப் பயனில்லை. சூடேறச் சூடேற அது அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கருகிவிடும் என்பதால் மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். அதை இந்தப் போர்டு ஒழுங்காகச் செய்கிறது. லேசர் டையோடுக்குப் பதிலாக நான்கு சாதாரண சிலிகான் டையோடுகளையும் ஒரு 1 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து அளந்தபோது, ரெசிஸ்டரின் மேல் 0.25 வோல்ட், அதாவது 250 மில்லிஆம்பியர், அசையாமல் நின்றது.

ஆனால் கிட்டோடு வந்த துண்டுத்தாளில் ஓர் எச்சரிக்கை விடுபட்டிருக்கிறது. போர்டின் வெளியீட்டில், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு மின்தேக்கி இருக்கிறது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது டையோடின் கம்பி கழன்றால், அந்த மின்தேக்கி பேட்டரியின் முழு அழுத்தத்துக்கு அருகில் ஏறி நிற்கும். மறுபடி கம்பியைத் தொட்ட கணத்தில் அவ்வளவும் டையோடுக்குள் பாயும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சத்தமும் வராது. டையோடு அதன் பிறகும் சிவப்பாக ஒளிரும், ஆனால் லேசராக அல்ல, மங்கலான எல்இடி போல. என்னுடைய இரண்டாவது டையோடு போனது இப்படித்தான். இணைப்பதற்கு முன் மின்தேக்கியின் இரு முனைகளையும் இணைத்து வெறுமையாக்குங்கள் என்ற ஒரே வரி அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். கூட்டுடன் வெப்பம் கடத்தும் ஹீட் சிங்க் எதுவும் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எரியவிட எனக்குத் துணிவு வரவில்லை.

இனி ஸ்டிக்கருக்கு வருகிறேன். கூட்டின்மேல் மஞ்சள் நிறத்தில், முக்கோண எச்சரிக்கைக் குறியுடன், வெளியீடு 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று அச்சிட்ட ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளோ டையோடை 250 மில்லிஆம்பியரில் இயக்கச் சொல்கிறது. வேகமாக எழுதும் டிவிடி ரைட்டரின் டையோடை இவ்வளவு மின்னோட்டத்தில் இயக்கினால் 5 மில்லிவாட்டில் நிற்காது என்பது இந்த வேலையில் கை வைத்த எவருக்கும் தெரியும். நண்பரின் வெப்ப வகை ஒளித்திறன் அளவியை இரவல் வாங்கி அளந்தேன். பிளாஸ்டிக் லென்ஸில் போன இழப்பு நீங்கலாக 170 மில்லிவாட் காட்டியது. ஸ்டிக்கர் சொல்வதைப்போல முப்பத்துநான்கு மடங்கு.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது வெறும் அளவு வேறுபாடு அல்ல. லேசர்களை ஆபத்தின் அளவுக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கும் ஐஈசி 60825-1 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரையிலானவை வகுப்பு 2. கூசியவுடன் கால் விநாடிக்குள் இமை மூடிவிடும் என்ற கணக்கில் அவை பாதுகாப்பானவையாகக் கொள்ளப்படுகின்றன. 5 மில்லிவாட் வரை வகுப்பு 3ஆர். அதற்கு மேல் 500 மில்லிவாட் வரை வகுப்பு 3பி. அதையும் தாண்டினால் வகுப்பு 4. மூன்றாம் வகுப்பின் 'பி' பிரிவில் இமை மூடும் வேகம் உதவாது. நேரான கற்றையும், கண்ணாடியிலோ கைக்கடிகாரத்திலோ பட்டுத் தெறித்த கற்றையும் இமை இறங்குவதற்கு முன்பே விழித்திரையைச் சுட்டுவிடும். ஆகவே 3ஆர் வகுப்புக்குரிய ஸ்டிக்கரை 3பி வகுப்புப் பொருளின்மேல் ஒட்டுவது, மருந்துப் புட்டியின் மேல் வேறொரு மருந்தின் பெயரை ஒட்டுவதற்குச் சமம்.

அப்படியானால், இதே டையோடை வயிற்றுக்குள் வைத்திருந்த டிவிடி ரைட்டரின் பின்புறத்தில் 'வகுப்பு 1 லேசர் பொருள்' என்று எழுதியிருந்ததே, அது பொய்யா? இல்லை. வகுப்பு என்பது டையோடுக்கு அல்ல, முழுப் பொருளிலிருந்து வெளியே வரக்கூடிய ஒளிக்குத் தரப்படுவது. மூடிய பெட்டியிலிருந்து சாதாரணப் பயன்பாட்டில் ஒளி வெளியே வராதபடி செய்திருப்பதால்தான் அது வகுப்பு 1. ஸ்குருடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றிய நொடியில் அந்த வகுப்பு போய்விடுகிறது. டையோடைப் பிடுங்கிக்கொள்ளலாம்; பெட்டி தந்த பாதுகாப்பைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. இந்தக் கிட்டைப் பற்றிய சட்டச் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளைக்கிறது.

அமெரிக்க விதிகளை எடுத்துக்கொள்கிறேன். பல விற்பனையாளர்களின் ஸ்டிக்கர்கள் அந்த விதிகளைப் பார்த்தே அச்சிடப்படுகின்றன. அங்கே லேசர் பொருள்களை உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கண்காணிக்கிறது. மருந்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு லேசரோடு என்ன வேலை என்று நானும் ஒருகாலத்தில் வியந்ததுண்டு. மின்னணுப் பொருள்களிலிருந்து வரும் கதிர்வீச்சு அனைத்தும் அதன் பொறுப்பில் வருகிறது. அதன் விதித்தொகுப்பில் 1040.10 என்ற பிரிவு, லேசர் பொருள் என்பதற்கு உறுப்புகளின் தொகுப்பையும் உள்ளடக்கியே இலக்கணம் சொல்கிறது. பிரித்து அனுப்பினோம், வாங்குபவர்தான் சேர்க்கிறார் என்ற வாதத்துக்கு அந்தச் சொற்கள் அதிகம் இடம் தருவதில்லை. அதே பிரிவின் இன்னொரு வாசகம், சான்று பெற்ற ஒரு லேசர் பொருளை அதன் செயல்திறனோ நோக்கமோ மாறும்படி திருத்துவதை வணிகமாகச் செய்பவரை உற்பத்தியாளராகவே கருதுகிறது. தன் வீட்டு மேசையில் தனக்காக ஒரு ரைட்டரைக் கழற்றுபவரும், நூறு ரைட்டர்களைக் கழற்றிக் கிட் போட்டு விற்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்றாலும், இரண்டாமவர்மீது சட்டம் முழு எடையுடன் இறங்குகிறது.

உற்பத்தியாளர் ஆனபின் என்னென்ன வேண்டும்? 3பி வகுப்புக்குச் சாவியால் இயங்கும் சுவிட்ச், கற்றை வெளிவருமுன் எரியும் அறிவிப்பு விளக்கு, கற்றையை மறைக்கும் தடுப்பு, தொலைவிலிருந்து அணைக்க ஓர் இணைப்பான், உண்மையான திறனையும் அலைநீளத்தையும் சொல்லும் லேபிள் ஆகியவை வேண்டும். இந்தக் கிட்டில் இருப்பது ஒரு சிறிய அழுத்து பொத்தான் மட்டுமே. அது போதாதென்று, சுட்டிக்காட்டும் பாயின்டராக விற்கப்படும் பொருளுக்கு அங்கே 5 மில்லிவாட் உச்சவரம்பு இருக்கிறது. அந்த 5 என்ற எண் ஸ்டிக்கரில் ஏன் ஏறியது என்பது இப்போது விளங்கும். இது இந்த விற்பனையாளர் ஒருவரோடு நிற்கும் பழக்கமும் அல்ல. அமெரிக்காவின் தரநிர்ணய ஆய்வகமான நிஸ்ட் 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவில், பச்சை நிறத்தவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்பு நிறத்தவற்றில் ஏறத்தாழ 44 விழுக்காடும் விதிகளுக்குப் பொருந்தவில்லை.

மற்ற நாடுகளில் கதவு இன்னும் இறுக்கம். ஆஸ்திரேலியா 2008 முதல் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் பாயின்டர்களை அனுமதியின்றி இறக்குமதி செய்வதைத் தடை செய்திருக்கிறது. அங்கிருப்பவர் இந்தக் கிட்டை வரவழைத்தால், ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் 5 மில்லிவாட்டே அவரை மாட்டிவிடப் போதும். விமானத்தின் மீது லேசரைக் காட்டுவது அமெரிக்காவில் 2012 முதல் ஐந்தாண்டுச் சிறை வரை செல்லக்கூடிய தனிக் குற்றம். பிரிட்டன் 2018-இல் வாகனங்கள் அனைத்துக்கும் சேர்த்தே சட்டம் இயற்றியது. கிட்டின் துண்டுத்தாளில் விமானம் என்ற சொல்லே இல்லை. மாறாக, 'வானில் நெடுந்தொலைவு தெரியும்' என்பதை ஒரு சிறப்பம்சமாகப் போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடியைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரையை முடிக்க முடியாது. பெட்டியைத் திறந்தவுடன் முதலில் கையில் பட்டது அதுதான்: நல்ல சிவப்பு நிறத்தில், பிளாஸ்டிக் சட்டத்துடன், ஒரு பக்கக் கையில் 'லேசர் பாதுகாப்பு' என்ற அச்சுடன் இருந்தது. சிவப்புக் கண்ணாடி ஏன் சிவப்பாகத் தெரிகிறது? சிவப்பொளியை விட்டுவிட்டு மற்ற நிறங்களை விழுங்குவதால். பச்சை அல்லது நீல லேசருக்கு இத்தகைய நிறம் பொருந்தலாம். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசருக்கு இதை அணிவது, மழைக்குச் சல்லடையைப் பிடிப்பது போன்றது. வேறொரு தரமான கண்ணாடியை நான் அணிந்துகொண்டு, கிட்டின் கண்ணாடியை அளவிக்கு முன்னால் நிறுத்தி எரியவைத்தேன். 170 என்றிருந்த எண் 148-க்கு இறங்கி அங்கேயே நின்றது. என்னிடமிருந்த கண்ணாடி நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். அதன்மேல் எந்த அலைநீள எல்லைக்கு உரியது என்பதும், ஓடி 4 என்ற ஒளியடர்த்தி எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணுக்குப் பொருள், பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கடந்துபோகும் என்பது. கிட்டின் கண்ணாடியில் இப்படி எந்த எண்ணும் இல்லை. கண்ணாடியே தராமல் விட்டிருந்தால் வாங்குபவர் பயந்து ஒதுங்கியாவது நிற்பார். இதை மாட்டிக்கொண்டவர் துணிந்து குனிந்து பார்ப்பார்.

விற்பனையாளருக்கு இரண்டு கேள்விகள் அனுப்பினேன்: இந்தப் பொருளின் வகுப்பு என்ன, கண்ணாடியின் ஒளியடர்த்தி எவ்வளவு. இரண்டு நாள் கழித்து வந்த பதிலில், 'இது உதிரிபாகம் மட்டுமே ஐயா, வகுப்பு கிடையாது. கண்ணாடி இலவச இணைப்பு' என்று எழுதியிருந்தார். உதிரிபாகம் என்றால் அதன்மேல் 5 மில்லிவாட் என்று ஏன் ஒட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதே பக்கத்தில் புரொஜெக்டரிலிருந்து எடுத்த 445 நானோமீட்டர் நீல டையோடு வைத்த பெரிய கிட் ஒன்றும் 1 வாட்டுக்கு மேல் என்ற பெருமையோடு விற்பனையில் இருக்கிறது. அது வகுப்பு 4. சுவரில் விழும் புள்ளியைக் கிட்டத்திலிருந்து பார்ப்பதுகூட ஆபத்து. அதை வாங்கிச் சோதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

டிரைவர் போர்டுக்கும் கூட்டுக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். முழுக் கிட்டுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஏற்கெனவே அளவியும் தக்க கண்ணாடியும் வைத்திருப்பவர், தன் நாட்டு விதியைப் பார்த்துக்கொண்டு, வெறும் உறுப்புகளாக நினைத்து வாங்கலாம். முதன்முறையாக லேசரைத் தொடுபவருக்கும், பிள்ளைகளுக்குப் பரிசாகத் தர நினைப்பவருக்கும் இது உரியதல்ல. என்னுடையதை மூடிய அலுமினியப் பெட்டிக்குள் சாவி சுவிட்சோடு பொருத்தி, மஞ்சள் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, 3பி, 650 நானோமீட்டர், 170 மில்லிவாட் என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். சிவப்புக் கண்ணாடியைக் குப்பையில் போடுவதற்கு முன் நடுவில் இரண்டாக உடைத்துவிட்டேன். யாராவது எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடும்.