சும்மா நிற்கும் பைக்: வெள்ளை போர்டில் வாடகையா, கறுப்பு போர்டா, விற்பதா?

புதுச்சேரியில் வீடு இருந்து, வெளியூரில் வேலை கிடைத்துப் போனவர்கள் நிறைய பேர் வீட்டில் பைக் ஒன்று கவர் போர்த்தியபடி நிற்கிறது. சனி ஞாயிறானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் ஸ்கூட்டர் கேட்டு அலைகிறார்கள், அதைப் பார்க்கும்போது நாமும் கொடுத்தால் என்ன என்று தோன்றாமல் இருக்காது. மூன்று வழி இருக்கிறது: வெள்ளை போர்டோடு, அதாவது சொந்த உபயோக நம்பர் பிளேட்டோடு, நாமே ஆள் பார்த்துக் கொடுப்பது, கறுப்பு போர்டுக்கு மாற்றி லைசென்ஸ் உள்ள வாடகைக் கடையில் இணைப்பது, பேசாமல் விற்றுவிடுவது. இதில் முதல் வழியை யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போலீஸ் பிடிக்கும் என்பதைவிட இன்சூரன்ஸ்தான் அதற்குக் காரணம்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். பைக்கை வாடகைக்கு விடுவதே தப்பு என்று இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின் கீழ் 1997-லேயே மத்திய அரசு இதற்கென்று தனித் திட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதில் லைசென்ஸ் வாங்க குறைந்தது 5 பைக் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பெர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, முழு இன்சூரன்ஸ், வரி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பைக் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அந்த லைசென்ஸில் ஓடும் வண்டியை நம்பர் பிளேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். நம் வீட்டு வண்டியின் வெள்ளை போர்டோடு வாடகைக்கு விட்டு மாட்டினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டிய கணக்கு. 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதம் கட்டினால் முடிந்துபோகும், விபத்து அப்படி முடியாது. உங்கள் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள், வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். வாடகைக்கு எடுத்தவர் ஈ.சி.ஆரில் ஒருவரை இடித்துவிட்டார் என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போய் நிற்பது அந்த வரியைக் காட்டித்தான். அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரலாம். உயிர்ச்சேத வழக்கில் இழப்பீடு பல லட்சம் போகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர். நாளுக்கு 500 ரூபாய் வாடகைக்காக வீட்டைப் பணயம் வைப்பதாகத்தான் இது எனக்குப் படுகிறது.

வண்டியோடு ஆளே காணாமல் போனாலும் இதே சிக்கல்தான். சாவியை நாமே கையில் கொடுத்திருப்பதால் அதைத் திருட்டு என்று ஏற்க கம்பெனி தகராறு செய்யும்.

லைசென்ஸ் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸைக் கையில் வாங்கி, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அதில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிறவர் ஸ்கூட்டர்கூட ஓட்டக் கூடாது. எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று மட்டும் இருந்தால் கியர் இல்லாத வண்டிதான், அவர் கையில் புல்லட் சாவியைக் கொடுத்தால் 180-வது பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய். வெளிநாட்டவர் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் வகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டி மாட்டினால் 199ஏ பிரிவு, உரிமையாளருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. வாங்கிப் போனவர் ஒருவர், கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர் அவருடைய தம்பி என்பது சாதாரணமாக நடக்கிறது, வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் அதைத் தடுக்க முடியாது.

இரண்டாவது வழி, கடையில் இணைப்பது. வண்டியைப் போக்குவரத்து வாகனமாக மாற்ற வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும், வணிகப் பயன்பாட்டுக்கான புது பாலிசி எடுக்க வேண்டும், முதல் 8 வருஷத்துக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறையும் அப்புறம் வருஷாவருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு வாடகையில் ஒரு பங்குதான் நமக்கு. சுற்றுலா ஊரில் வார நாட்கள் காலி என்று வைத்துக்கொண்டால் மாதம் 8 நாள், நாளுக்கு அதே 500 ரூபாய், அதில் பாதிப் பங்கு என்றால் 2,000 ரூபாய். ஐப்பசி கார்த்திகை மழையில் அதுவும் கிடையாது. அதனால் இது வாங்கி ஓரிரு வருஷமே ஆன கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் கட்டுப்படியாகும். கியர் வண்டியை, அதுவும் ஆசையாக வைத்திருந்த வண்டியை, நான் இணைக்க மாட்டேன். ஸ்கூட்டரே ஓட்டிப் பழகியவர் கூட்டத்தில் அரை கிளட்சிலேயே உருட்டிப் போவார், கிளட்ச் பிளேட் கருகிவிடும். உப்புக் காற்றில் நிற்கும் செயினையும் டிஸ்க்கையும் அக்கறையாகத் துடைத்து எண்ணெய் விட வாடகைக்காரருக்கு என்ன அவசியம்?

இணைப்பதென்று முடிவு செய்தால், கொடுக்கும்போதும் திரும்பி வரும்போதும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுக்கும் பழக்கம் அந்தக் கடையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். விழுந்த வண்டி நான்கு இடத்தில் காட்டிக்கொடுக்கும்: ஹேண்டில்பார் நுனி, பிரேக் லீவரின் உருண்டை முனை, ஃபுட்ரெஸ்ட் ஓரம், சைலன்சரின் வெளிப்பக்கம். டேங்கைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவிடலாம், இந்த நான்கையும் யாரும் துடைத்து மறைக்க முடியாது. மீட்டர் அளவும் பெட்ரோல் அளவும் அதே வீடியோவில் இருக்க வேண்டும். ஹெல்மெட் போடாததற்கும் மூன்று பேர் போனதற்கும் வரும் 1,000 ரூபாய் செலான் உங்கள் போனுக்குத்தான் வரும், அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் ரைடர்ஸ் ஷேர், ட்விஸ்டட் ரோடு மாதிரி தளங்களில் சொந்த பைக்கைத் தெரியாதவருக்குத் தாராளமாக விடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே தளமே இன்சூரன்ஸ் ஏற்பாட்டோடு வருகிறது. இங்கே 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் சொந்த பைக்கையும் அனுமதிக்கலாம் என்று மாநிலங்களுக்குச் சொன்னது பைக் டாக்ஸிக்கு, அதாவது ஓட்டுநரோடு போகும் பயணத்துக்கு. சாவியைக் கொடுத்து அனுப்புவதற்கு அது பொருந்தாது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதனால் ஐந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் விற்பதுதான் சரி. நிறுத்தி வைத்தால் பேட்டரி போகும், டயர் வெடிப்பு விடும், விலையும் இறங்கிக்கொண்டே இருக்கும். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள், மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் வாங்கியவர் பெயர் ஏறும் வரை மீதிப் பணத்தில் கொஞ்சத்தை அவர் கையிலேயே விட்டு வைத்து, பெயர் மாறியதும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம், அலைச்சலைப் பார்த்து அவர் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் நாமே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூடப் போய் முடித்துவிட்டு வருவது நல்லது.