ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு ஒருநாள் வேன் டூர் – போறவங்க படிச்சுட்டுப் போங்க

மதுரைல இருந்து ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூர்ல இருக்க கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் கோவிலுக்கு காலைல கூட்டிட்டுப் போய் ராத்திரி கொண்டாந்து விடுற டூர் பத்திதான் எழுதுறேன், டிராவல்ஸ் பேரு வேணாம். வண்டி சுத்தம், டிரைவர் அண்ணன் ரொம்ப நிதானம், சிவகங்கை காளையார்கோவில் பக்கமா போறப்ப வயசானவங்க கேட்ட எடத்துல எல்லாம் முகம் சுளிக்காம நிறுத்துனாரு, காலை டிபனும் சூடா இருந்துச்சு. இதுக்கெல்லாம் தாராளமா மார்க் போடலாம்.

எனக்கு மனசு ஆறாதது கைடு விஷயத்துலதான். "செம்மண்ணு எடுத்துக்கங்க, வேண்டிக்கங்க, முக்கா மணி நேரத்துல வண்டிக்கு வந்துருங்க", முடிஞ்சுச்சு. அந்த மண்ண நானும் பக்தியோட நெத்தில வச்சுக்கிறவதான், அருளானந்தர் ரத்தம் சிந்திதான் செவந்துச்சுன்னு சனங்க நம்புறாங்க, நானும் நம்புறேன். ஆனா யாரு ரத்தம், எதுக்கு சிந்துனாருன்னு சொல்லாம மண்ண மட்டும் கையில குடுத்தா எப்படிங்க? வேன்ல வந்த சின்னப் பிள்ளைங்க சாமி பேரு கூட தெரியாம திரும்புச்சுங்க.

1647ல போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்ல பெரிய வீட்டுல பொறந்தவரு ஜான் டி பிரிட்டோ, சின்ன வயசுலயே அரண்மனைல இளவரசரோட வளர்ந்தவரு. அப்ப சாகக் கெடந்தப்ப அவங்கம்மா பிரான்சிஸ் சவேரியார்கிட்ட நேந்துக்கிட்டாங்க, பிழைச்சதும் ஒரு வருசம் பிள்ளைக்கு சேசு சபைச் சாமியாருங்க போடுற அங்கிய போட்டுவிட்டாங்க. அந்தப் பிள்ளைதான் பின்னாடி சேசு சபையோட மதுரை மிஷனுக்கு (மதப் பணிக்கு) வந்து, காவி கட்டி, பண்டார சாமியா, கறி மீன் தொடாம, அருளானந்தர்ங்கிற பேருல ஊர் ஊரா நடந்தாரு.

1686ல மறவர் சீமைல, அதாவது ராமநாதபுரம் பக்கம், பிடிச்சு கூட இருந்த உபதேசியாருங்களோட (வேதம் சொல்லிக்குடுக்கிறவங்களோட) சேத்து அடிச்சு சித்திரவதை பண்ணி, கடைசில இனி இங்க போதிக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டாங்க. அப்புறம் சபை வேலையா போர்ச்சுகல் போறாரு, அங்க கூட வளர்ந்தவரு இப்ப ராஜா, இங்கயே இருந்துரு என் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்குடுன்னு கேக்குறாரு. அத விட்டுட்டு, உயிர் போகும்னு தெரிஞ்ச அதே சீமைக்கு திரும்பி வந்தாருங்க! இந்த ஒரு எடத்தயாவது கைடு சொல்லியிருக்கணும், எனக்கு இதச் சொல்றப்ப இன்னும் தொண்ட அடைக்குது.

திரும்பி வந்தப்புறம், நோய் தீர்ந்த மறவர் தலைவர் தடியத்தேவர் இவருகிட்ட ஞானஸ்நானம் வாங்க, ஒரு மனைவியத் தவிர மத்தவங்கள விலக்கணும்னு ஆச்சு, அதுல ஒருத்தங்க ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு சொந்தம், அங்கதான் வினை. அருளானந்தரப் பிடிச்சு ராமநாதபுரத்துல வச்சிருந்து ஓரியூருக்கு அனுப்புனாங்க. சாகுறதுக்கு முந்தின நாள் மைக்குப் பதிலா கரியக் கரைச்சு சக குருக்களுக்கு கடிதம் எழுதினதா சொல்வாங்க. 1693 பிப்ரவரி 4, அன்னிக்கு தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன், தலைய வெட்டிட்டாங்க. 1947ல புனிதர் பட்டம்.

எந்தச் சீமைல வெட்டுனாங்களோ அந்தச் சீமை சனம்தான் இன்னிக்கு முன்னாடி நிக்குது, இந்துக் குடும்பங்களும் பிள்ளை வரம் கேட்டு வந்து நேத்திக்கடன் செலுத்துறாங்க. கோவில்ல உக்காந்து பாத்தாலே தெரியும், அதுக்குத்தான் நேரம் குடுக்க மாட்டேங்குறாங்க.

மதியச் சாப்பாடு சுமார், சாம்பார் தண்ணி. திரும்புற வழில சருகணில லெவே சாமிங்கிற சேசு சபை குருவோட கல்லறைல நிறுத்துனாங்க, அது நல்லா இருந்துச்சு.

ஆள் சேத்து வேன் புக் பண்றவங்க முன்னாடியே சொல்லிருங்க, ஓரியூர்ல குறைஞ்சது ரெண்டு மணி நேரம் வேணும், வண்டிலயே வரலாறு சொல்ற ஆளு வேணும்னு. ஆள் இல்லன்னா உங்க பங்குக் கோவில்லயே ஒரு உபதேசியாரையோ சிஸ்டரையோ சீட்டு குடுத்து கூட்டிட்டுப் போங்க, டிராவல்ஸ்காரங்க ஒண்ணும் சொல்றதில்ல. பிப்ரவரி திருவிழா சமயம் நெரிசல் அதிகம், முட்டி வலி இருக்கவங்க வேற மாசம் பாத்துக்கங்க.