பாயிண்ட் லேபிள் செட்டிங்: ட்ராயிங்குக்குள்ளேயா, சர்வரிலா?

ஒரே சாலை வேலை, பத்து ஷீட், வரைந்தது மூன்று பேர். ஆறு ஷீட்டில் ஆர்.எல். (புள்ளியின் உயரம்) 45.327 என்று மூன்று தசமத்தில் இருந்தது, மீதி நான்கில் 45.33. எழுத்து உயரம் ஒருவருக்கு 2.5 மி.மீ., இன்னொருவருக்கு 1.8. டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) அளவில் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் ஷீட் கட்டு அப்படியே திரும்பி வந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் வரும் எழுத்தின், அதாவது லேபிளின், செட்டிங்கை அவரவர் ட்ராயிங்கில் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். எல்லாருக்கும் பொதுவாக வைக்க என்னென்ன வழி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் பழைய வழி: வெறும் ஆட்டோகேட் (வரையும் மென்பொருள்), அதில் ஒரு பிளாக் (திரும்பத் திரும்பப் போடும் குறி). பாயிண்ட் நம்பர், ஆர்.எல்., கோட் (புள்ளி எது என்பதன் குறியீடு) என்று மூன்று அட்ரிப்யூட் (பிளாக்கோடு வரும் எழுத்து). புள்ளிப் பட்டியலான சிஎஸ்வி ஃபைலை ஒரு லிஸ்ப் (சிறு நிரல்) படித்து, புள்ளிக்கு ஒரு பிளாக்காகப் போட்டுவிடும். கூடுதல் செலவில்லை, யார் கணினியிலும் திறக்கும். சிக்கல் மாற்றம் வரும்போதுதான். பிளாக்கைச் சர்வரில் வைத்தாலும், ஒருமுறை இன்சர்ட் ஆனதும் அதன் நகல் ட்ராயிங்குக்குள் உட்கார்ந்துவிடும். சர்வரில் திருத்துவது அங்கே தெரியாது. ஒவ்வொரு ட்ராயிங்கிலும் பிளாக்கை மறுபடி கொண்டுவந்து அட்சிங்க் (அட்ரிப்யூட்டைப் புதுப்பிக்கும் கமாண்ட்) ஓட்ட வேண்டும். ஓட்டினால் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கையால் நகர்த்திவைத்த எழுத்தெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு நாள் வேலை போச்சு. இன்னொன்று, தசமம் பிளாக்கில் இல்லவே இல்லை. லிஸ்ப் எழுதிய 45.327 வெறும் எழுத்து. அதை 45.33 ஆக்க வேண்டுமென்றால் லிஸ்ப்பைத் திருத்திப் புள்ளிகளை மறுபடி கொண்டுவர வேண்டும்.

ஆட்டோகேட் மேல் அமைந்த சிவில் 3டி மென்பொருளில் லேபிள் ஒரு ஸ்டைல், அதாவது பெயரிட்டுச் சேமித்த செட்டிங். புள்ளியின் உயரத்தை அது அவ்வப்போது கேட்டு எழுதுகிறது. எழுத்து உயரமும் காகிதத்தில் வரவேண்டிய அளவுதான்: 2.5 மி.மீ. என்று வைத்தால் 1:500-ல் மாடலில் (உண்மை அளவில் வரையும் இடம்) 1.25 மீட்டர், 1:1000-க்கு மாற்றினால் தானாக 2.5 மீட்டர். கையால் நகர்த்திய லேபிளும் ஸ்டைல் மாறும்போது நகர்த்திய இடத்திலேயே நிற்கும். பிளாக்கையும் இதையும் ஒப்பிட இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். கேள்வி, அந்த ஸ்டைலை எல்லாருக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான்.

புது ட்ராயிங் தொடங்கும் மாதிரி ஃபைலில், அதாவது டெம்ப்ளேட்டில், வைப்பது எளிது. ஆனால் டெம்ப்ளேட், ட்ராயிங் பிறக்கும்போது மட்டும்தான் பேசும். நேற்றுத் தொடங்கிய ட்ராயிங்குக்கு இன்று திருத்திய டெம்ப்ளேட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு ஸ்டைல் இம்போர்ட். ஒரே ஒரு ஸ்டைல்தான் என்றால், டூல்ஸ்பேஸ் என்ற பக்கவாட்டு ஜன்னலின் செட்டிங்ஸ் டேபில் ஒரு ட்ராயிங்கிலிருந்து பிடித்து இன்னொன்றில் போட்டால் போதும். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் மேலெழுதவா, வேறு பெயர் வைக்கவா என்று கேட்கும். அவசரத்தில் வேறு பெயர் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் ஒரே ட்ராயிங்கில் மூன்று “ஸ்பாட் லெவல்” இருக்கும். மொத்தமாக இம்போர்ட் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். மூல ஃபைலில் இல்லாத ஸ்டைல்களை நீக்கும் பட்டியலும் அதே ஜன்னலில்தான் இருக்கிறது, அதற்கான டிக்கை நீக்கிவிட்டு ஓகே கொடுங்கள். மூன்று, நான்கு ட்ராயிங் வரை இது சரி. நாற்பதுக்கு முடியாது.

2017 வெளியீட்டில் வந்த ரெஃபரன்ஸ் டெம்ப்ளேட்தான் எனக்குப் பிடித்த வழி. சர்வரில் ஒரு டெம்ப்ளேட் (மாஸ்டர்), எல்லா ட்ராயிங்கும் அதோடு இணைந்திருக்கும். மாஸ்டரில் ஒருமுறை திருத்தினால், அடுத்த முறை திறக்கும் ட்ராயிங்கெல்லாம் மாறிவிடும். ட்ராயிங்கில் யாராவது அந்த ஸ்டைலில் கைவைத்தாலும் மறுபடி திறக்கும்போது மாஸ்டரில் உள்ளதே வந்து உட்காரும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு அதுதான் வேண்டும்.

இதில் ஆபத்து, தப்பும் அதே வேகத்தில் பரவும். தசமத்தை மாற்றும் இடத்தில் நானே வழுக்கியிருக்கிறேன். ஸ்டைலின் டெக்ஸ்ட் எடிட்டரில் இடப்பக்கம் பிரிசிஷனை (தசமத் துல்லியம்) 0.01 என்று மாற்றினால் மட்டும் போதாது. வலப்பக்கம் இருக்கும் பழைய ஃபீல்டைத் (உயரத்தை எடுத்துவரும் குறிப்பு) தேர்ந்தெடுத்து, நடுவிலுள்ள அம்புக்குறியை அழுத்த வேண்டும். ஃபீல்டுக்குள் பி3 (மூன்று தசமம்) என்பது பி2 (இரண்டு தசமம்) ஆனால்தான் மாறியது என்று அர்த்தம். பார்க்காமல் சேமித்துவிட்டு, மாறிவிட்டதாக எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன்.

ஆட்டோடெஸ்க் (ஆட்டோகேட், சிவில் 3டி நிறுவனம்) லைசென்ஸ் செலவு கட்டுப்படாதவர்கள் இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்-ஐப் பார்க்கலாம். லேபிள் அமைப்பை க்யூஎம்எல் ஃபைலாகச் சேமித்துக் கொடுக்கலாம், போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸிலேயே லேயரோடு வைக்கவும் முடியும். ஆனால் ஷீட் போட்டு டிடபிள்யூஜி (ஆட்டோகேட் ஃபைல்) கொடுக்க வேண்டிய வேலைக்கு இது சுற்றுவழி.

சிவில் 3டி-யில் எந்த வழியில் ஸ்டைலைக் கொண்டுவந்தாலும், எந்தப் புள்ளிக்கு எந்த லேபிள் என்பது தனி விஷயம். டிஸ்கிரிப்ஷன் கீ (புள்ளியின் கோட் பார்த்து ஸ்டைல் கொடுக்கும் விதி) ஒரு ஸ்டைலைக் கொடுத்திருந்தால், பாயிண்ட் குரூப்பில் (புள்ளிகளின் தொகுப்பு) ஓவர்ரைடு டிக் இல்லாதவரை குரூப்பின் ஸ்டைல் எடுபடாது. “டெம்ப்ளேட் வேலை செய்யவில்லை” என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்த டிக்கைத்தான்.

இரண்டு பேர் உள்ள அலுவலகத்துக்கு டெம்ப்ளேட்டும் இம்போர்ட்டும் போதும். எங்களிடம் இப்போது ரெஃபரன்ஸ் டெம்ப்ளேட்தான். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். அந்த ஒருவர் நான் இல்லை.