லீ நிறுவனத்தின் சி312-185-1ஆர் அச்சு: பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஏற்றதா?

.303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஈயக் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அச்சு நல்ல தொடக்கம். அலுமினியத்தால் ஆனதால் விரைவில் சூடேறுகிறது, கைப்பிடியுடனே வருகிறது, விலையும் குறைவு. ஏறத்தாழ 185 கிரெயின் (சுமார் 12 கிராம்) எடையுள்ள குண்டின் அடியில், சூடான வாயுவிலிருந்து அதைக் காக்கும் செம்பு மூடி பொருத்தவும் இடமுண்டு.

ஆனால் வாங்குமுன் குழலை அளந்தாக வேண்டும். ஈயக் குண்டு, குழலின் வரிப்பள்ள விட்டத்தைவிட (உட்சுவரில் சுழலாக வெட்டிய பள்ளங்களின் அடிவரை உள்ள விட்டம்) 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பெரிதாக இருந்தால்தான் வாயு பக்கவாட்டில் கசியாமலும் குழலில் ஈயம் படியாமலும் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலக் குழல்களின் அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுபடுகிறது, 0.314 அங்குலத்தைத் தாண்டியவையும் உண்டு. அத்தகைய குழலுக்கு 0.312 அங்குலம் என்று குறிக்கப்பட்ட இந்த அச்சு போதாது, 0.316 அளவில் வார்க்கும் அச்சைத் தேடுவதே முறை.

மென்மையான ஈயத்துண்டைக் குழலுக்குள் தள்ளி அளப்பது வழக்கம் என்றாலும், ஐந்து வரிப்பள்ளங்கள் உள்ள குழலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எதிரே மேடே அமைவதால், சாதாரண மைக்ரோமீட்டர் உண்மையான விட்டத்தைக் காட்டாது; அதற்கு வி வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையும் அமெரிக்காவின் சாவேஜும் போர்க்காலத்தில் செய்த இரண்டு வரிப்பள்ளக் குழல்களில் இந்தச் சிக்கல் இல்லை.

தோட்டா உறையின் வாயையும் கவனியுங்கள். செம்பு உறையிட்ட குண்டுகளுக்கென அமைந்த விரிப்பான் (தோட்டா வாயை அகலமாக்கும் கருவி) அதைப் போதிய அளவு விரிக்காவிட்டால், சரியாக வார்த்த குண்டுகூட உள்ளே அமரும்போது நசுங்கிச் சிறுத்துவிடும். உங்கள் குழல் 0.311க்குள் இருந்தால் இந்த அச்சைத் தயங்காமல் வாங்கலாம்.