ஸ்டீம் டெக்கை எஸ்எஸ்டி மாத்தக் குடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

மக்களே, ஸ்டீம் டெக்னு கையில வச்சு கேம் ஆடுற கன்சோல் வச்சிருக்கிறவங்க, அதுலயும் பழைய 64 ஜிபி எல்சிடி மாடலை வச்சுக்கிட்டு இடம் பத்தலன்னு பெரிய எஸ்எஸ்டி (கேமை எல்லாம் சேமிச்சு வைக்கிற ஸ்டோரேஜ்) போட நினைக்கிறவங்க கண்டிப்பா இதைப் படிங்க. இந்த டெக்கை நம்ம நாட்டுல கம்பெனியே நேரா விக்கிறது இல்ல, வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டு வந்ததைத்தான் நாம வாங்குறோம், அதனால சர்வீஸ் சென்டர்னு போய் நிக்க ஒரு இடம் கிடையாது. இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் சில கடைக்காரங்க வாய்க்கு வந்த ரேட்டைச் சொல்றாங்க.

என்னோடதை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல ஒரு கடைல 512 ஜிபி எஸ்எஸ்டி போடக் குடுத்தேன். குடுக்கும்போது எல்லா பட்டனும், கட்டை விரலால சுத்துற ஸ்டிக்கும் பக்காவா வேலை செஞ்சுது, கவுன்ட்டர்லயே ஒரு ரேஸ் கேம் ஓட்டிக் காட்டிட்டுத்தான் குடுத்தேன். திரும்ப வாங்கும்போது கடைப் பையன் ஆன் பண்ணி, டெக்கோட சாஃப்ட்வேரான ஸ்டீம்ஓஎஸ் வர்றதைக் காட்டி, ஸ்டோரேஜ் எவ்வளவுன்னு காட்டினான், ஆனா எல்லாத்தையும் டச் ஸ்க்ரீன்ல தட்டித்தான் காட்டினான், ஒரு பட்டனைக்கூட அமுக்கல. வீட்டுக்கு வந்து லாகின் பண்ணி கேம் எறக்கி ஆரம்பிச்சா இடது பக்கம் மொத்தமும் செத்துக் கிடக்கு. ஸ்டிக், டி-பேட் (நாலு திசை பட்டன்), டிராக்பேட் (லேப்டாப்ல இருக்கிற மாதிரி தடவுற சதுரம்), எல்1 (மேல் விளிம்புல இருக்கிற பட்டன்), எதுவுமே அசையல. வலது பக்கம் எல்லாம் ஜம்முனு இருக்கு.

ஃபோன் பண்ணா “அது சாஃப்ட்வேர் இஷ்யூ ப்ரோ, அப்டேட் போடுங்க”ன்னாங்க. சரி, சாஃப்ட்வேரா இல்லையான்னு பாத்துருவோம்னு செட்டிங்ஸ்ல கன்ட்ரோலர் பக்கத்துல இருக்கிற டெஸ்ட் டிவைஸ் இன்புட்ஸ்ல போய்ப் பாத்தேன். ஒவ்வொரு பட்டனா அமுக்க அமுக்க படத்துல லைட் ஆகும், ஸ்டிக்கைச் சுத்தினா புள்ளி சுத்தும். வலது பக்கம் எல்லாம் காட்டுது, இடது பக்கம் ஒண்ணுமே இல்ல. பவர் பட்டனை 12 செகண்ட் அமுக்கிப் பிடிச்சு முழுசா அணைச்சு எழுப்பியும் அதே கதைதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா நெறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க. டச் வேலை செய்யுது, ஆனா ரெண்டு பக்கமும் கேம்ல எதுவும் ஓடலன்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. ப்ளூடூத்ல வேற கன்ட்ரோலர் கனெக்ட் ஆகியிருந்தா அது பிளேயர் ஒண்ணு ஆயிடும், டெக்கோட சொந்த பட்டன் பிளேயர் ரெண்டுக்குப் போயிடும், மூணு புள்ளி பட்டனை அமுக்கி வரிசையை மாத்தினா போதும். டெஸ்க்டாப் மோட்ல (டெக்கை சாதா கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுறது) ஸ்டீம் ஆப்பை மூடிட்டு கேம் ஓட்டினாலோ, விண்டோஸ் போட்டு ஸ்டீமுக்கு வெளிய ஓட்டினாலோ இதே மாதிரிதான், பட்டன் எல்லாம் மவுஸ் கீபோர்டு மாதிரி நடந்துக்கும், கேமுக்கு கன்ட்ரோலரே இருக்கிறது தெரியாது. இதுக்கெல்லாம் “போர்டு போச்சு”ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரே ஒரு ஸ்டிக் மட்டும் சாகுதுன்னா அந்த ஸ்டிக் மாட்யூலையோ அதோட கேபிளையோ பாக்கணும். ஆனா ஒரு பக்கம் முழுசும் ஒண்ணா சாகுது, அதுவும் யாரோ தொறந்து மூடின அன்னைக்கேன்னா, அந்தப் பக்கத்து பட்டன் போர்டுல இருந்து மதர்போர்டுக்குப் போற ரிப்பன் கேபிள் சரியா உக்காரலன்னுதான் முதல்ல சந்தேகப்படணும்.

இதைத்தான் கடைல போய் சொன்னேன். ஓனர் காதுலயே வாங்கல. உள்ள எடுத்துட்டுப் போய் கொஞ்ச நேரத்துல வந்து “லெஃப்ட் போர்டு ஷார்ட், ஸ்டிக்கும் போயிடுச்சு, மதர்போர்டு வரைக்கும் அடிச்சிருக்கலாம், 14 ஆயிரம் ஆகும்”னார். உங்க கடைல குடுக்கிற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேட்டா “இம்போர்ட் பீஸ் தம்பி, எப்ப போகும்னு யாரு சொல்ல முடியும்”னு பதில். சத்தம் போட்டதுக்கு அப்புறம், போர்டை விட்டுட்டு ஸ்டிக் மட்டும் மாத்தித் தர்றோம்னு 3,500 வாங்கிக்கிட்டாங்க. பில் கேட்டா கடை பேரே இல்லாத வெள்ளைச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க.

திரும்ப வந்தப்ப டி-பேட், டிராக்பேட், எல்1 எல்லாம் ஓடுது. அதாவது போர்டு போகவே இல்ல, கேபிளை அமுக்கிப் பூட்டியிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா புதுசா போட்ட ஸ்டிக் மட்டும் தறிகெட்டு ஓடுது, கையை எடுத்தாலும் கேம்ல ஆளு மேல பாத்து நடந்துக்கிட்டே இருக்கான். ‘செட் ஆக கொஞ்ச நாள் எடுக்கும்’னு வாட்ஸ்அப்ல பதில் வந்துச்சு. ஸ்டிக் என்ன புதுச் செருப்பா, போகப் போக செட் ஆகிறதுக்கு?

அதுக்கப்புறம் ஃப்ரெண்ட் சொன்ன இன்னொரு மெக்கானிக்கிட்ட போனேன், லேப்டாப் போர்டு வேலை பாக்கிற அண்ணன். என் முன்னாடியே தொறந்தாரு. பின்னாடி மூடில எட்டு ஸ்க்ரூ, நாலு நீளம் நாலு குட்டை, அதை மாத்தி மாத்தி முடுக்கியிருந்ததால ஒரு ஓரத்துல நகம் நுழையிற அளவுக்கு இடைவெளி. எஸ்எஸ்டி மேல உறை மாதிரி சுத்தி இருக்கிற வெள்ளித் தகடு, பழசுல இருந்து கழட்டி புதுசுக்கு மாட்டணும், அது காணவே காணோம். மெயின் விஷயம் ஸ்டிக்தான். எல்சிடி மாடல்ல ஸ்டிக் ரெண்டு வகை இருக்கு, எம்ஈடிஏ, எம்எச்டிஏன்னு உள்ள எழுதியிருக்கும், ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட முடியாது. என் போர்டு ஒரு வகை, அவங்க மாட்டினது இன்னொரு வகை. அண்ணன் டார்ச் அடிச்சு எழுத்தைக் காட்டினாரு, எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்லா இருந்த ஒரிஜினல் ஸ்டிக்கை எடுத்து வச்சுக்கிட்டு பொருந்தாததை மாட்டி காசும் வாங்கியிருக்காங்க.

சரியான வகை ஸ்டிக்கை வரவழைச்சோம், மூணு ஸ்க்ரூ, ஒரு ரிப்பன், அவ்வளவுதான் வேலை. மாட்டினதும் டெஸ்க்டாப் மோட்ல டெர்மினலைத் தொறந்து ஸ்டிக் கேலிப்ரேஷன் (ஸ்டிக்கோட நடுப்புள்ளி எதுன்னு டெக்குக்குச் சொல்லிக் குடுக்கிறது) கமாண்டை ஓட்டி, டெஸ்ட் பக்கத்துல புள்ளி நடுவுல வந்து நிக்கிறதை ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான் மூடினாரு. புது ஸ்டிக் போட்டா இந்த கேலிப்ரேஷன் கட்டாயம், முதல் கடை அதைத் தொடவே இல்ல.

நீங்க குடுக்கப் போறீங்கன்னா மெமரி கார்டை முதல்ல வெளிய எடுத்துருங்க, உள்ள இருக்கும்போது மூடியைக் கழட்டினா கார்டு ரெண்டா ஒடஞ்சிரும். அந்த டெஸ்ட் பக்கத்தைத் தொறந்து எல்லா பட்டனையும் அமுக்கி, கடைக்காரர் பக்கத்துல நிக்கும்போதே வீடியோ எடுங்க, வாங்கும்போதும் அதே மாதிரி அமுக்கிப் பாத்துட்டு காசு குடுங்க. எந்த பார்ட் மாத்தினாலும் பழசைக் கையில வாங்குங்க.

பில் தர மாட்டேன்னு சொல்றதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான், இதை அங்கயே சொல்லிக் கேளுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் சாட், ரெண்டாவது தடவை தொறக்கும்போது எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் வச்சு அங்க புகார் போட்டிருக்கேன். அதுக்கப்புறம் கடைல இருந்தே ஃபோன் வந்துச்சு, 3,500-ஐத் திருப்பித் தர்றோம் புகாரை வாபஸ் வாங்குங்கன்னு. காசோட என் ஸ்டிக்கையும் குடுங்கன்னு சொல்லியிருக்கேன், தேடிப் பாக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. ரெண்டும் கைக்கு வர்ற வரைக்கும் வாபஸ் வாங்குறதா இல்ல.